நன்னீர் மீன் வளர்ப்பில் கடற்பாசித் தீவனச் சேர்க்கைகள்

கடற்பாசித் தீவனச் சேர்க்கைகள் என்பவை, கடற்பாசிகளை உலர்த்திப் பொடித்தோ அவற்றிலிருந்து குறிப்பிட்ட பொருட்களைப் பிரித்தெடுத்தோ மீன் தீவனத்தில் சிறிதளவு கலக்கப்படும் பொருட்கள் ஆகும். நன்னீர் மீன் வளர்ப்பில் இவை ஊட்டத்துக்காகக் கலக்கப்படுவதைக் காட்டிலும் மீனின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுவதற்காகவே பெரிதும் ஆராயப்படுகின்றன. அல்கினேட், ஃபியூகாய்டன், லாமினாரின், காராகீனன், உல்வான் முதலிய கூட்டுச்சர்க்கரைகள் இவற்றின் முதன்மையான செயற்படு பொருட்களாகும். கெண்டை, ரோகு, திலாப்பியா, கெளுத்தி ஆகிய மீன்களில் செய்யப்பட்ட பல ஆய்வுகளில் இச்சேர்க்கைகள் பாக்டீரியா நோய்களால் ஏற்படும் இறப்பைக் குறைத்துள்ளன. எனினும் இவை நோயைத் தீர்க்கும் மருந்துகள் அல்ல. பண்ணைக் குளங்களில் இவற்றின் பயன், ஆய்வகத் தொட்டிகளில் காட்டப்பட்ட அளவுக்கு இன்னும் உறுதி செய்யப்படவில்லை.

தமிழில் கடற்பாசி என்னும் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. கடலில் பாறைகளிலும் பவளத்திட்டுகளிலும் ஒட்டி வளரும் பெரும்பாசிகள் அனைத்தையும் அது குறிக்கும். சமையலில் இனிப்புக் கட்டி செய்யப் பயன்படும் அகர்-அகரையும் அதே பெயரால் அழைப்பர். இக்கட்டுரையில் முதற்பொருளே கொள்ளப்படுகின்றது. அகர்-அகர் சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் பொருட்களுள் ஒன்று மட்டுமே.

## பின்னணி

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகில் வளர்க்கப்பட்ட நீர்வாழ் விலங்குகளின் அளவு 94.4 மில்லியன் டன் ஆகும். அவ்வாண்டிலேயே முதன்முறையாக வளர்ப்பு, பிடிப்பை விஞ்சியது. வளர்க்கப்பட்டவற்றில் ஐந்தில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகளில் விளைந்ததாகும்.

உற்பத்தியைப் பெருக்குவதற்காக ஒரு குளத்தில் மிகுதியான மீன்களை இருப்புச் செய்யும்போது நோய்கள் எளிதில் பரவுகின்றன. நன்னீர் மீன்களைத் தாக்கும் முக்கியமான நோய்க்காரணிகள் வருமாறு:

* ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா - ஏறத்தாழ எல்லா நன்னீர் மீன்களையும் தாக்கும் பாக்டீரியம். உடலில் இரத்தக் கசிவு, புண், வயிறு வீக்கம், செதில் நிமிர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கெளுத்திப் பண்ணைகளில் 2009 இல் இதன் வீரியம் மிக்க வகையொன்று பெரும் இழப்பை விளைவித்தது.
* எட்வர்ட்சியெல்லா இனங்கள் - கெளுத்தி மீன்களிலும் கெண்டைகளிலும் நோய் உண்டாக்குபவை.
* ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே - திலாப்பியாவின் பெரும் பகை. கண் பிதுங்குதலும் சுழன்று நீந்துதலும் இதன் அறிகுறிகள்.
* ஃபிளேவோபாக்டீரியம் கொலம்னாரே - செவுள், தோல், துடுப்பு ஆகியவற்றை அரிக்கும் பாக்டீரியம்.
* அஃபனோமைசஸ் இன்வடான்ஸ் - கொள்ளைப் புண் நோயை உண்டாக்கும் பூஞ்சை போன்ற உயிரி. இந்நோய் 1988 இல் இந்தியாவுக்குள் பரவி, விரால் முதலிய மீன்களைப் பெருமளவில் அழித்தது.
* மீன் பேன் - கெண்டைக் குளங்களில் காணப்படும் புற ஒட்டுண்ணி. இது உண்டாக்கும் புண்களின் வழியே பாக்டீரியாக்கள் உள்நுழைகின்றன.

இந்நோய்களுக்கு நீண்ட காலமாக நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளே தீவனத்தில் கலந்து கொடுக்கப்பட்டு வந்தன. இதில் இரு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, நோயுற்ற மீன் முதலில் உண்பதை நிறுத்திவிடுவதால் மருந்து பெரும்பாலும் நோயற்ற மீன்களையே சென்றடைகின்றது. இரண்டாவது, உண்ணப்படாத மருந்தும் கழிவுடன் வெளியேறும் மருந்தும் குளத்து நீரிலும் சேற்றிலும் தங்கி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வகைகள் பெருக வழி செய்கின்றன. மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் ஒரு பாக்டீரியத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடியவையாதலால், மீன் குளத்தில் தோன்றும் சிக்கல் மனிதரின் மருத்துவத்தையும் தொடுகின்றது.

வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பிகளைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல் தடை செய்தது. உணவுக்கான விலங்குகளிலும் மீன்களிலும் கொலிஸ்டின் மருந்தைப் பயன்படுத்துவதை இந்தியா 2019 இல் தடை செய்தது.

தடுப்பூசி மற்றொரு வழியாகும். நார்வே நாட்டின் சால்மன் பண்ணைகளில் தடுப்பூசி பரவிய பின்னர் நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் பயன்பாடு மிகவும் குறைந்தது. ஆனால் விலை மலிவான கெண்டையை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியிடுவது வளர்ப்போருக்குக் கட்டுபடியாவதில்லை. மேலும் ஒரு தடுப்பூசி ஒரு நோய்க்காரணிக்கு, சில வேளைகளில் அதன் ஒரு வகைக்கு மட்டுமே பயன் தரும். இக்காரணங்களால், தீவனத்துடன் கொடுக்கத்தக்கனவும் பல நோய்களுக்குப் பொதுவான காப்பளிப்பனவுமான நோயெதிர்ப்புத் தூண்டிகள் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

## வரலாறு

கடற்கரை மக்கள் கால்நடைகளுக்குக் கடற்பாசியை உணவாகக் கொடுப்பது ஐரோப்பாவின் வடமேற்குக் கரைகளில் பழைய வழக்கமாகும். ஸ்கொட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் உள்ள வடக்கு ரொனால்ட்சே ஆடுகள் பெரிதும் கடற்பாசியையே உண்டு வாழ்கின்றன. நார்வேயில் 1960களில் பழுப்புக் கடற்பாசியை உலர்த்திப் பொடித்துத் தீவன மாவாக விற்கும் தொழில் வளர்ந்தது.

கடற்பாசிகளின் வேதியியல் அறிவு அதற்கு முன்னரே தொடங்கியது. பிரித்தானிய வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு 1881 இல் பழுப்புக் கடற்பாசியிலிருந்து அல்கினிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். சுவீடனைச் சேர்ந்த கைலின் 1913 இல் ஃபியூகாய்டனைப் பிரித்தார்.

மீன்களில் இவற்றின் நோயெதிர்ப்பு விளைவு 1990களில் சப்பானில் விரிவாக ஆராயப்பட்டது. சாதாக் கெண்டையில் சோடியம் அல்கினேட்டும் காப்பா-காராகீனனும் உள்ளார்ந்த காப்பு அமைப்பைத் தூண்டுவதாகக் காட்டும் ஆய்வுகள் 1997 இல் வெளிவந்தன. 2002 இல், அல்கினேட் அடங்கிய எர்கோசன் என்னும் வணிகப் பொருளை வானவில் டிரவுட் மீனின் உடற்குழியில் செலுத்திச் செய்யப்பட்ட ஆய்வு வெளியானது. ஊசி வழியாகச் செலுத்துவது பண்ணைக்கு ஏற்றதன்று என்பதால் அதன்பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் தீவன வழியையே மேற்கொண்டன. 2010க்குப் பின்னர் இந்தியா, தாய்லாந்து, எகிப்து, சீனா, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து இவ்வகை ஆய்வுகள் பெருகின.

## பயன்படும் கடற்பாசிகள்

கடற்பாசிகள் நிறத்தையும் வேதிக்கூறுகளையும் கொண்டு மூன்று பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. தென்தமிழகக் கடற்கரையில் சில இனங்களுக்கு வழங்கும் பெயர்களும் கீழே தரப்படுகின்றன.

* பழுப்புக் கடற்பாசிகள்: சர்காசம் (கட்டைக்கோரை), டர்பினாரியா (பக்கோடாப் பாசி), பாடினா, லாமினாரியா, அஸ்கோஃபில்லம் முதலியன. இவற்றிலிருந்து அல்கினேட், ஃபியூகாய்டன், லாமினாரின் ஆகியவை கிடைக்கின்றன. மீன்களின் நோயெதிர்ப்பு ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுபவை இவையே.
* சிவப்புக் கடற்பாசிகள்: கிராசிலாரியா எடுலிஸ் (கஞ்சிப்பாசி), ஜெலிடியெல்லா அசெரோசா (மரிக்கொழுந்துப் பாசி), கப்பாஃபைகஸ் அல்வரேசியை முதலியன. முதலிரண்டும் அகரையும், மூன்றாவது காராகீனனையும் தருகின்றன.
* பச்சைக் கடற்பாசிகள்: உல்வா, காலெர்ப்பா முதலியன. உல்வாவிலிருந்து உல்வான் பெறப்படுகின்றது.

## செயற்படு பொருட்கள்

கடற்பாசிகளின் உயிரணுச் சுவரிலும் சேமிப்பிலும் உள்ள கூட்டுச்சர்க்கரைகள் நிலத்தாவரங்களில் உள்ளவற்றினின்றும் வேறுபட்டவை. அவற்றுள் பலவற்றில் சல்பேட்டுத் தொகுதிகள் இணைந்துள்ளன.

* அல்கினேட்: மானுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம் என்னும் இரு அலகுகளால் ஆன நீண்ட சங்கிலி. மானுரோனிக் அமிலம் மிகுந்த அல்கினேட்டுகள் நோயெதிர்ப்பைக் கூடுதலாகத் தூண்டுகின்றன. குலுரோனிக் அமிலம் மிகுந்தவை கால்சியத்துடன் சேர்ந்து உறுதியான கூழாகின்றன.
* ஃபியூகாய்டன்: ஃபியூகோசு என்னும் சர்க்கரையை முதன்மையாகக் கொண்ட, சல்பேட்டு ஏறிய கூட்டுச்சர்க்கரை. இதன் அமைப்பு இனத்துக்கு இனம் மாறுபடும்.
* லாமினாரின்: குளுக்கோசு அலகுகளால் ஆன பீட்டா-குளுக்கன். ஈஸ்ட்டின் சுவரில் உள்ள பீட்டா-குளுக்கனுக்கு உறவானது, ஆனால் மூலக்கூற்று எடை குறைந்தது.
* காராகீனன்: சல்பேட்டு ஏறிய காலக்டோசுச் சங்கிலி. சல்பேட்டின் எண்ணிக்கையையும் இடத்தையும் பொறுத்து காப்பா, அயோட்டா, லாம்டா என வகைப்படும்.
* உல்வான்: ராம்னோசும் யுரோனிக் அமிலங்களும் கொண்ட, சல்பேட்டு ஏறிய கூட்டுச்சர்க்கரை.

இவையன்றி, புளோரோட்டானின் எனப்படும் பாலிஃபீனால்கள், ஃபியூகோசாந்தின் முதலிய நிறமிகள், கனிமங்கள் ஆகியனவும் கடற்பாசிகளில் உள்ளன. பச்சைக் கடற்பாசிகள் பலவற்றில் காணப்படும் டைமெத்தில்சல்ஃபோனியோபுரோப்பியோனேட் என்னும் கந்தகச் சேர்மம் மீன்களைத் தீவனத்தின்பால் ஈர்க்கும் தன்மை கொண்டது.

## செயற்படும் விதம்

### மீனின் நோயெதிர்ப்பு அமைப்பு

எலும்பு மீன்களுக்கு எலும்பு மச்சையில் குருதியணுக்கள் உருவாவதில்லை. நிணநீர்க் கணுக்களும் பாலூட்டிகளில் உள்ளவாறு இல்லை. சிறுநீரகத்தின் முன்பகுதியான தலைச் சிறுநீரகமே குருதியணுக்கள் உருவாகும் இடமாகும். தைமசும் மண்ணீரலும் அதற்குத் துணையாகின்றன.

மீன்களுக்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கும் திறன் உண்டு. ஆனால் அவை குருதியில் போதிய அளவு தோன்றுவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். குளிர்ந்த நீரில் இக்காலம் இன்னும் நீளும். ஏரோமோனாஸ் தாக்குதலிலோ மீன் சில நாட்களில் இறந்துவிடுகின்றது. ஆகவே, எந்த நோய்க்காரணியையும் முன்னறிமுகம் இன்றி எதிர்க்கும் உள்ளார்ந்த நோயெதிர்ப்பே மீனுக்கு முதன்மையானது. தோலின் வழுவழுப்புப் படலம், லைசோசைம் நொதி, நிரப்புப் புரதங்கள், பெருவிழுங்கி உயிரணுக்கள், நடுவமை நாடிகள் ஆகியன இதன் கூறுகளாம்.

### தூண்டல்

பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் சுவரில் மட்டுமே காணப்படும் சில மூலக்கூற்று வடிவங்களை விழுங்கும் உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் அடையாளம் காண்கின்றன. கடற்பாசிக் கூட்டுச்சர்க்கரைகள் இவ்வடிவங்களை ஒத்திருப்பதால், நோய்க்காரணி இல்லாதபோதே உயிரணுக்கள் விழிப்பு நிலையை அடைகின்றன. அதன் விளைவாக:

* விழுங்கும் திறன் கூடுகின்றது.
* விழுங்கிய நுண்ணுயிரைக் கொல்ல உயிரணுவுக்குள் வீரியமிக்க ஒட்சிசன் சேர்மங்கள் உருவாகும் நிகழ்வு வலுப்பெறுகின்றது.
* குருதியிலும் தோற்படலத்திலும் லைசோசைமின் செயற்பாடு உயர்கின்றது.
* இன்டர்லியூக்கின்-1 பீட்டா, இன்டர்ஃபெரான்-காமா முதலிய செய்திப் புரதங்களின் மரபணுக்கள் கூடுதலாக வெளிப்படுகின்றன.

பாலூட்டிகளில் பீட்டா-குளுக்கனை அடையாளம் காண்பது டெக்டின்-1 என்னும் ஏற்பியாகும். மீன்களில் இதற்கு நேரான மரபணு தெளிவாகக் கண்டறியப்படவில்லை. அவற்றில் இப்பணியைச் செய்வன லெக்டின் வகையைச் சேர்ந்த வேறு ஏற்பிகளாக இருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

### குடல் வழி விளைவு

இக்கூட்டுச்சர்க்கரைகளைச் செரிக்கும் நொதிகள் மீன்களிடம் இல்லை. ஆகவே அவை குடலை அடைந்து அங்குள்ள சில பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. நொதித்தலால் உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு ஆற்றலைத் தருவதுடன் தீங்கு செய்யும் பாக்டீரியாக்களின் பெருக்கத்தையும் மட்டுப்படுத்துகின்றன.

மீனினத்துக்கு ஏற்ப இவ்விளைவு மாறுபடும். கெண்டைக் குடும்ப மீன்களுக்கு இரைப்பை இல்லை. உண்ட தீவனம் அமிலத்தில் ஊறாமல் நேரே குடலை அடைகின்றது. திலாப்பியாவுக்கோ மிகுந்த அமிலத்தன்மை கொண்ட இரைப்பை உண்டு. எனவே ஒரு மீனில் கண்ட முடிவை மற்றொரு மீனுக்கு அப்படியே பொருத்த இயலாது.

## ஆய்வு முறை

இவ்வகை ஆய்வுகளின் பொது அமைப்பு வருமாறு. ஒரே அளவான மீன்குஞ்சுகள் பல தொட்டிகளில் பிரித்து விடப்படுகின்றன. சில தொட்டிகளுக்குச் சேர்க்கை இல்லாத தீவனமும், மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் சேர்க்கை கலந்த தீவனமும் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை கொடுக்கப்படுகின்றன. இடையிடையே குருதி எடுத்து அளவீடுகள் செய்யப்படுகின்றன. இறுதியில் எல்லா மீன்களுக்கும் நோய்க்காரணி செலுத்தப்பட்டு, அடுத்த சில நாட்களில் நேரும் இறப்புகள் எண்ணப்படுகின்றன.

பயனின் அளவு ஒப்பீட்டு உயிர்பிழைப்பு விழுக்காடாகக் குறிக்கப்படும். சேர்க்கை உண்ட மீன்களின் இறப்பு விழுக்காட்டைச் சேர்க்கை இல்லாதவற்றின் இறப்பு விழுக்காட்டால் வகுத்து, வந்த ஈவை ஒன்றிலிருந்து கழித்து, நூறால் பெருக்க இது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சேர்க்கை இல்லாத தொட்டியில் 80 விழுக்காடும் சேர்க்கை உண்ட தொட்டியில் 40 விழுக்காடும் இறந்தால், ஒப்பீட்டு உயிர்பிழைப்பு 50 விழுக்காடாகும். இந்த எண்ணைப் படிக்கும்போது, நூற்றுக்கு நாற்பது மீன்கள் அப்போதும் இறந்தன என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

## ஆய்வு முடிவுகள்

### கெண்டைகளும் ரோகுவும்

பாடினா ஜிம்னோஸ்போரா என்னும் பழுப்புக் கடற்பாசியின் கூட்டுச்சர்க்கரைகள் சாதாக் கெண்டையின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு, பிறபொருளெதிரி உருவாக்கம் ஆகிய இரண்டையும் கூட்டி, வெவ்வேறு நோய்க்காரணிகளிலிருந்து காப்பளித்ததாக இந்திய ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்டனர். ரோகுக் குஞ்சுகளின் தீவனத்தில் ஃபியூகாய்டன் மிகுந்த கடற்பாசிச் சாற்றையும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது வளர்ச்சியும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவுக்கு எதிரான காப்பும் மேம்பட்டன என்று 2017 இல் ஓர் ஆய்வு கண்டது. சர்காசம் வைட்டியை என்னும் இனத்தின் மாவும், அதன் ஃபியூகாய்டன் மிகுந்த சாறும் ரோகுவில் 2018 இல் ஆராயப்பட்டன. நுண்ணுயிர்களைக் கொல்லும் சிறுபுரதங்களின் மரபணு வெளிப்பாடும் அதில் அளக்கப்பட்டது.

### கெளுத்தி மீன்கள்

பங்காசியஸ் கெளுத்தியின் தீவனத்தில் ஃபியூகாய்டன் மிகுந்த சாறு சேர்த்துச் செய்யப்பட்ட ஆய்வு, இன்டர்ஃபெரான்-காமா மரபணுவின் வெளிப்பாட்டை நோய் செலுத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்தது. பாசா மீனில் மூலக்கூற்று எடை குறைக்கப்பட்ட அகரும் லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியமும் 2014 இல் ஒன்றாக ஆராயப்பட்டன.

ஆப்பிரிக்கக் கெளுத்தியில் 2014 இல் வெளியான ஆய்வு வேறொரு கோணத்தைக் கொண்டது. காட்மியம் குளோரைடால் நோயெதிர்ப்பு ஒடுக்கப்பட்ட மீன்களுக்கு ஃபியூகாய்டன் கொடுக்கப்பட்டபோது அவற்றின் காப்பாற்றல் மேம்பட்டது. தொழிற்கழிவு கலக்கும் நீர்நிலைகளை அடுத்த பண்ணைகளைப் பொறுத்தவரை இம்முடிவு கவனத்துக்குரியது.

### திலாப்பியா

மூலக்கூற்று எடை குறைந்த சோடியம் அல்கினேட்டைத் தனியாகவும், கெஃபிர் என்னும் நொதித்த பால்பொருளுடன் சேர்த்தும் நைல் திலாப்பியாவுக்குக் கொடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேவுக்கு எதிரான காப்பை அளந்த ஆய்வு 2017 இல் தாய்லாந்திலிருந்து வெளிவந்தது. குடல் பாக்டீரியமும் அதற்கு உணவாகும் கூட்டுச்சர்க்கரையும் சேர்ந்து கொடுக்கப்படுவது கூட்டுயிரூட்டம் எனப்படும்.

முழுக் கடற்பாசி மாவைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையானவை. 2009 இல் வெளியான ஆய்வொன்றில் 5 விழுக்காடு உல்வா மாவு திலாப்பியாக் குஞ்சுகளின் வளர்ச்சிக்கு உதவியது. 2015 இல் போர்த்துக்கலில் செய்யப்பட்ட ஆய்வில் மூன்று கடற்பாசிகள் 10 விழுக்காடு அளவில் சேர்க்கப்பட்டன. உல்வாவும் போர்ஃபிராவும் வளர்ச்சியைக் கெடுக்கவில்லை. கிராசிலாரியா இனமோ வளர்ச்சியைக் குறைத்தது.

## தயாரிப்பு

கரையில் சேர்க்கப்பட்ட கடற்பாசி முதலில் நன்னீரில் கழுவப்பட்டு உப்பு, மணல், சிப்பி ஆகியன நீக்கப்படுகின்றன. பின்னர் நிழலில் உலர்த்திப் பொடிக்கப்படுகின்றது. மாவாகப் பயன்படுத்துவதாயின் வேலை இத்துடன் முடிந்தது.

சாறு எடுப்பதற்கு, எரிசாராயத்தால் நிறமிகளும் கொழுப்பும் முதலில் நீக்கப்படுகின்றன. ஃபியூகாய்டன் வெந்நீரிலோ நீர்த்த அமிலத்திலோ கரைக்கப்பட்டு, உடன் கரைந்த அல்கினேட் கால்சியம் குளோரைடால் வீழ்படிவாக்கி விலக்கப்படுகின்றது. எஞ்சிய கரைசலில் எரிசாராயம் சேர்த்து ஃபியூகாய்டன் பெறப்படுகின்றது. அல்கினேட்டை மட்டும் பெறுவதற்குச் சோடியம் கார்பனேட்டுக் கரைசல் பயன்படும். நொதிகளாலோ அமிலத்தாலோ வெப்பத்தாலோ சங்கிலிகளைச் சிறிதாக்குவதும் உண்டு. சிறு சங்கிலிகள் எளிதில் கரைவதுடன் குடலில் எளிதில் நொதிக்கவும் செய்கின்றன.

பிரித்தெடுத்த சாறுகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான அளவு முதல் மூன்று விழுக்காடு வரையிலும், முழு மாவு பத்து விழுக்காடு வரையிலும் ஆய்வுகளில் கலக்கப்பட்டுள்ளன.

### தீவன வகையும் இழப்பும்

ஆய்வகத்தில் மீனுக்குக் கொடுக்கப்படுவது நன்கு பிணைந்த குருணைத் தீவனமாகும். இந்தியாவின் கெண்டைக் குளங்களில் நெடுங்காலமாக வழங்கிவருவதோ தவிடும் புண்ணாக்கும் கலந்த மாவுத் தீவனமே. ஆந்திரப் பிரதேசத்தின் கொல்லேறு ஏரியை அடுத்த குளங்களில் இம்மாவு துளையிட்ட பைகளில் நிரப்பப்பட்டு நீரில் கட்டித் தொங்கவிடப்படுகின்றது. மீன்கள் துளைகளில் வாய் வைத்து உண்ணும். இம்முறையில் நீரில் கரையும் சேர்க்கைகள் மீனின் வாயை அடையும் முன்னரே கரைந்து போகின்றன. ஆகவே கடற்பாசிச் சாற்றின் பயனைப் பெறுவதற்குத் தீவன முறையும் மாற வேண்டியுள்ளது.

மிதவைத் தீவனத்தில் கலப்பதாயின், உயர் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்க்கை தாங்க வேண்டும். கூட்டுச்சர்க்கரைகள் பெரும்பாலும் தாங்குகின்றன. நிறமிகளும் பாலிஃபீனால்களும் அழியக் கூடும். தீவனம் தயாரான பின்னர் எண்ணெயுடன் கலந்து மேலே பூசுவது இதற்கு மாற்று வழியாகும். அல்கினேட், அகர், காராகீனன் ஆகியன இயல்பிலேயே பிணைப்பிகள் ஆதலால், குருணை நீரில் விரைவில் உதிராமல் காக்கும் கூடுதல் பயனும் இவற்றுக்கு உண்டு.

## வரம்புகளும் குறைபாடுகளும்

* அளவு மிகுதல்: நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருளை மிகுதியாகவோ இடைவிடாமல் நீண்ட காலமோ கொடுத்தால் விளைவு குறைவதும், சில வேளைகளில் நோயெதிர்ப்பு தளர்வதும் காணப்படுகின்றன. இதனால் சில வாரங்கள் கொடுத்து, சில வாரங்கள் நிறுத்தும் முறை பரிந்துரைக்கப்படுகின்றது. குஞ்சுகளை இடம் மாற்றுவதற்கு முன்னரும், நோய் வழக்கமாகத் தோன்றும் பருவத்துக்கு முன்னரும் கொடுப்பது பொருத்தமானதாகும்.
* காலம்: சேர்க்கை நோய்க்கு முன்னரே கொடுக்கப்பட வேண்டும். மீன்கள் இறக்கத் தொடங்கிய பின்னர் கொடுப்பதால் பயன் எதிர்பார்க்க முடியாது.
* ஒட்டுண்ணிகள்: மீன் பேன் முதலிய ஒட்டுண்ணிகளை இச்சேர்க்கைகள் கொல்வதில்லை.
* சாம்பலும் உலோகமும்: உலர் கடற்பாசியில் சாம்பல் மிகுதி, பல இனங்களில் 20 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். பழுப்புக் கடற்பாசிகள் ஆர்செனிக்கையும் அயோடினையும் சேர்த்து வைப்பவை. மாசுற்ற கரையிலிருந்து எடுத்த பாசியில் காட்மியம், ஈயம் ஆகியனவும் இருக்கலாம். எனவே மாவைப் பயன்படுத்துமுன் வேதிப்பகுப்பாய்வு தேவை.
* செரிமானம்: கூழாகும் கூட்டுச்சர்க்கரைகள் மிகுந்தால் குடலில் தீவனத்தின் பாகுநிலை கூடி, ஊட்டப் பொருட்கள் உறிஞ்சப்படுவது குறைகின்றது. பாலிஃபீனால்களும் புரதச் செரிமானத்துக்கு இடையூறாகலாம்.
* சீரின்மை: ஒரே இனத்தின் வேதிக்கூறுகள் பருவம், இடம், வயது ஆகியவற்றுக்கு ஏற்ப மாறுபடுகின்றன. பிரித்தெடுக்கும் முறையும் விளைபொருளை மாற்றுகின்றது. ஃபியூகாய்டன் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இரு பொருட்கள் ஒரே விளைவைத் தரும் என்று சொல்ல முடியாது.

ஆய்வுகளின் தன்மையும் திறனாய்வுக்கு உள்ளாகியுள்ளது. பெரும்பாலானவை தூய நீர் கொண்ட தொட்டிகளில், சில வாரங்கள் மட்டும் செய்யப்பட்டவை. நோய்க்காரணி பெரும்பாலும் ஊசி மூலம் செலுத்தப்படுகின்றது. இயற்கையிலோ அது தோல், செவுள், குடல் ஆகியவற்றின் காப்பைக் கடந்தே நுழைகின்றது. மேலும் லைசோசைம் உயர்ந்தது என்பதாலேயே மீன் நோயினின்று தப்பும் என்று கொள்ள முடியாது. பண்ணைக் குளத்தில் முழு வளர்ப்புக் காலமும் தொடர்ந்து, வரவு செலவையும் கணக்கிட்டுச் செய்யப்பட்ட ஆய்வுகள் மிகக் குறைவு.

## மூலப்பொருளும் சூழலும்

சாறு எடுப்பதற்குத் தேவைப்படும் கடற்பாசியின் அளவு பெரிது. ஒரு டன் தீவனத்தில் 1 விழுக்காடு சாறு சேர்க்க 10 கிலோ சாறு வேண்டும். உலர் பாசியிலிருந்து 5 விழுக்காடு சாறு கிடைப்பதாகக் கொண்டால், அதற்கு 200 கிலோ உலர் பாசி தேவை. ஈரப்பாசியின் எடையில் 80 முதல் 90 விழுக்காடு நீர் ஆதலால், கடலிலிருந்து எடுக்க வேண்டிய அளவு ஒன்று முதல் இரண்டு டன் வரை ஆகும். பெரும் அளவில் இச்சேர்க்கைகள் பயன்பாட்டுக்கு வருமாயின், இயற்கைப் பாசிப்படுகைகளை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

இந்தியாவில் கடற்பாசி சேகரிப்பு மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணைக் கரையிலும் மிகுதியாக நடைபெறுகின்றது. இராமநாதபுரம் மாவட்டத்தின் மீனவப் பெண்கள் பலர் நீரில் மூழ்கிப் பாசி எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அப்பகுதி 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. பவளத்திட்டுகளையும் பாசிப்படுகைகளையும் காப்பதற்கும், அப்பெண்களின் வாழ்வாதாரத்துக்கும் இடையிலான முரண் இன்றளவும் முற்றாகத் தீரவில்லை.

பயிரிடுதல் இதற்கு ஒரு மாற்றாகக் கருதப்படுகின்றது. மூங்கில் தெப்பங்களில் கப்பாஃபைகஸ் பயிரிடுவது 2000களில் இப்பகுதியில் பரவியது. ஆனால் அது இந்தியக் கடலுக்கு அயலினமாகும். குருசடைத் தீவின் பவளங்கள் மீது அது படர்ந்திருப்பது 2008 இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்கும் திட்டம் இந்திய ஒன்றிய அரசின் 2021 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மீன்களின் நோயெதிர்ப்பு ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் சர்காசம், பாடினா முதலிய உள்ளூர்ப் பழுப்புக் கடற்பாசிகளோ பெரும்பாலும் இயற்கைப் படுகைகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

அல்கினேட் அல்லது அகர் எடுத்த பின்னர் ஆலைகளில் எஞ்சும் கழிவிலும் கரைசலிலும் பயனுள்ள கூட்டுச்சர்க்கரைகள் மிஞ்சியுள்ளன. அவற்றைத் தீவனத்துக்குப் பயன்படுத்தினால் புதிதாகப் பாசி எடுக்க வேண்டிய தேவை குறையும்.

## பிற முறைகளுடன் ஒப்பீடு

* நுண்ணுயிர் எதிர்ப்பிகள்: தோன்றிவிட்ட பாக்டீரியா நோய்க்கு விரைந்த பயன் தருவன. மருந்தெதிர்ப்பும் எச்சமும் இவற்றின் தீங்குகள்.
* தடுப்பூசி: குறிப்பிட்ட நோய்க்கு நீடித்த காப்பு தருவது. ஊசியிடும் செலவும், நோய்க்காரணியின் வகை வேறுபாடும் தடைகள்.
* ஈஸ்ட் பீட்டா-குளுக்கன்: வணிக முறையில் நன்கு பரவியுள்ள நோயெதிர்ப்புத் தூண்டி. ஓரளவு சீரான தரத்தில் கிடைப்பது இதன் வலிமை.
* கடற்பாசிச் சேர்க்கைகள்: எச்சத் தீங்கு குறைவு, பல நோய்களுக்குப் பொதுவான காப்பு. தரம் சீராக இல்லாமையும் பண்ணைச் சான்றின் குறைவும் இவற்றின் குறைகள்.

இவற்றுள் எதுவும் நீரின் தரம், அளவான இருப்பு, நோயற்ற குஞ்சுகள், குளத்தை உலர்த்திச் சுண்ணாம்பு இடுதல் ஆகிய அடிப்படைப் பராமரிப்புக்கு ஈடாகாது. ஒட்சிசன் குறைந்த, அமோனியா மிகுந்த குளத்தில் வாழும் மீனின் நோயெதிர்ப்பு ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும். அந்நிலையில் தீவனச் சேர்க்கையால் மட்டும் அதனைக் காக்க இயலாது.

## இவற்றையும் பார்க்க

* கடற்பாசி
* மீன் வளர்ப்பு
* அல்கினிக் அமிலம்
* நோயெதிர்ப்பு அமைப்பு
* நுண்ணுயிர் எதிர்ப்பி
* மன்னார் வளைகுடா